வரவுக் கத்தரிக்காயோடு திருவனந்தபுரத்தில் ஐந்து நாள்

அத்தானின் கணுக்கால் முறிந்ததால்தான் நான் திருவனந்தபுரம் போனேன். இல்லாவிட்டால் சுரண்டையை விட்டு அசைகிற ஆளில்லை நான். மின்வாரியத்தில் முப்பது வருஷம் கம்பத்தில் ஏறி இறங்கியாயிற்று, இனி இருக்கிற ஒரு ஏக்கரில் காய் வைத்துக்கொண்டு காலாட்டலாம் என்று கிடந்தவனை அக்காவின் போன் கிளப்பிவிட்டது.

லெட்சுமியக்கா கல்யாணமாகித் திருவனந்தபுரத்துக் கரமனைக்குப் போய் முப்பத்தைந்து வருஷம் ஆகிறது. சாலைக் கடைத்தெருவின் ஒரு சந்தில் காய்கறிக் கடை. கடை அத்தான் பேரில், உழைப்பு அக்கா பேரில். அத்தான் கல்லாவில் உட்கார்ந்து அபிப்பிராயம் சொல்வார். ஓணத்துக்கு முந்தின வாரம் பார்த்து மழைத் தரையில் வழுக்கி விழுந்து, மாவுக்கட்டோடு படுத்துவிட்டார்.

"எலே முத்து, அஞ்சு நாளைக்கு வந்துட்டுப் போ. மூட்டை தூக்க ஆளிருக்கு. கடையைப் பாத்துக்கிட நம்பிக்கையான ஒரு ஆளுதான் இல்லை, கேட்டியா" என்றாள்.

நம்பிக்கையான ஆள் என்றதும் நான் மயங்கிவிட்டேன். அந்த மயக்கத்தின் பலனைப் பிறகு எல்லோருமாகச் சேர்ந்து அனுபவித்தோம்.

அக்கா வீட்டுக்கு வெறுங்கையோடு போக முடியுமா? தோட்டத்திலிருந்து ஒரு சாக்குக் கத்தரிக்காய் கட்டினேன். இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அந்தக் கத்தரிக்காயை உள்ளூரில் யாரும் வாங்க மாட்டார்கள். என் மனைவி புஷ்பத்துக்குப் பூச்சிமருந்து வாடை பட்டால் இரண்டு நாள் தலைவலி. அதனால் எங்கள் தோட்டத்தில் மருந்தடிப்பதில்லை. கொள்கை கிள்கை ஒன்றும் கிடையாது, தலைவலிதான். காயில் பாதிக்குப் புழு ஓட்டை. பாவூர்சத்திரம் சந்தைக்குக் கொண்டுபோனால் தரகர் சாக்கை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இத ஆட்டுக்குப் போடுங்க" என்பார். ஆடு தின்றது போக மிச்சம் சொந்தக்காரர்களுக்கு.

மலைப் பாதை வளைவு ஒன்றில் சாக்கின் கட்டு அவிழ்ந்து கத்தரிக்காய் பஸ் முழுக்க உருண்டது. நம் ஊரென்றால் கண்டக்டர் என் ஏழு தலைமுறையையும் விசாரித்திருப்பார். இது கேரளா பஸ், பயணிகள் காலால் தடுத்து, ஒவ்வொன்றாக எடுத்து, கைமாற்றிக் கைமாற்றி என்னிடம் சேர்த்தார்கள். முன்சீட்டில் இருந்த நர்ஸம்மா மட்டும் இரண்டு காய்களைத் திருப்பித் தரவில்லை. ஓட்டையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இது ரெண்டும் நான் எடுத்துக்கட்டுமா?" என்று மலையாளத்தில் கேட்டாள். சும்மா கொடுத்தாலே சொந்தக்காரர்கள் முகம் சுளிக்கிற காயை ஒரு பெண் கேட்டு வாங்குகிறாளே என்று எனக்கு ஆச்சரியம். பாவம், கண் சரியில்லை போல என்று நினைத்துக்கொண்டேன்.

தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் மழை. சாலைக் கடைத்தெரு நடக்கிற தூரம்தான், ஆனால் சாக்கோடு நடக்க முடியாதே என்று ஆட்டோவில் ஏறினேன். ஒருவழிப் பாதை உபயத்தில் கிழக்கேகோட்டையில் பத்மநாபசுவாமி கோயில் கோபுரத்தை இரண்டு முறை தரிசித்தேன். டிரைவர் மீட்டரில் விழுந்ததை மட்டும் வாங்கிக்கொண்டு, மிச்சச் சில்லறையை எண்ணி என் உள்ளங்கையில் வைத்தார். தென்காசியில் அந்த தூரத்துக்கு நான் அரைமணி நேரம் வாதாட வேண்டும்.

கடையைப் பார்த்ததும் எனக்கு ஒன்று விளங்கவில்லை. இடது பக்கம் வாளிப்பான வெண்டைக்காய், பளபளக்கும் தக்காளி, ஆள் உயரப் புடலங்காய். வலது பக்கம் கோணலும் மாணலுமாக, குட்டையும் நெட்டையுமாக அதே காய்கள். வலது பக்கக் காய் இரட்டை விலை. இரண்டு பக்கமும் மலையாளத்தில் எழுதிய அட்டை தொங்கியது.

"அது என்னக்கா எழுதியிருக்கு?"

"இது நாடன், உள்ளூருக் காய். இங்க நெடுமங்காட்டுப் பக்கம் மூணு பேரு போடுதாங்க, அவங்க கொண்டாந்தது. அது வரவு."

"வரவுன்னா?"

"வெளியூர்லேந்து லாரியில வாரது. பாண்டிச் சரக்கு." பாண்டி என்றால் நாம்தான். "நம்ம ஊரு சரக்குதாம்லே. ஒங்க பாவூர்சத்திரத்துக்காரன் அனுப்புனது."

எனக்குச் சுருக்கென்றது. இந்த இடத்தில் என் பூர்வ கதை கொஞ்சம் தேவைப்படுகிறது. எங்கள் ஊர்க் கோயில் கொடை விழாவுக்குச் சீன சீரியல் விளக்கு கட்டக்கூடாது என்று கமிட்டியில் சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டவன் நான். மலிவு என்பதற்காக அந்நியன் சரக்கை வாங்குகிறவனுக்கு ரோஷம் கிடையாது என்று ஒலிபெருக்கியில் பேசியிருக்கிறேன். நான் சொன்னபடி இரட்டை வாடகைக்கு உள்நாட்டு விளக்கு கட்டினார்கள். அதில் பாதி எரியவில்லை, அது வேறு விஷயம். அப்பேர்ப்பட்ட நான் அக்கா கடையில் நின்று பார்க்கிறேன், வருகிற பெண்கள் எல்லோரும் எங்கள் ஊர் வெண்டைக்காயை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து, "விஷம் அடிச்சதாயிருக்கும்" என்று சொல்லிக்கொண்டே அதைத்தான் பைக்குள் போடுகிறார்கள். விலை பாதியாயிற்றே! திருவனந்தபுரத்துக்கு நான்தான் சீனா என்பது அன்றைக்குப் புரிந்தது.

மதியம் பக்கத்து ஓட்டலில் மத்தி மீன் சாறும் சிவப்புக் குத்தரிசிச் சோறும் சாப்பிட்டேன். குடிக்க இளஞ்சிவப்பாய் ஒரு சுடுதண்ணீர் வைத்தார்கள். டம்ளர் கழுவிய தண்ணீரோ என்று முதலில் தள்ளி வைத்தேன். பதிமுகம் என்ற மரச்சீவலைப் போட்டுக் காய்ச்சியது, உடம்புக்கு நல்லது என்று பரிமாறினவர் சொன்னார். மூன்று டம்ளர் குடித்தேன்.

சாயந்திரம் கரமனை வீட்டில் அத்தான் மாவுக்கட்டைத் தலையணை மேல் ஏற்றி வைத்துக்கொண்டு அரசாட்சி செய்துகொண்டிருந்தார். மலையாளத்தில் அளியன் என்றால் மைத்துனன், அதாவது நான்.

"அளியா, நீயாவது ஒன் அக்காக்காரிக்கு எடுத்துச் சொல்லு. சாலைக் கடைத்தெருவுல முக்கால்வாசிப் பேரு எல்லாச் சாதனத்துக்கும் நாடன்னு அட்டை எழுதித் தொங்கவிட்டாச்சு. இவளும் ஒரு அட்டை எழுதுனா என்ன குடி முழுகியா போவும்?"

"வேற யாரும் என்னத்தையும் எழுதட்டும்" என்று அக்கா உள்ளேயிருந்து சொன்னாள். "நான் பாண்டிக்காரி. நான் பொய் சொல்லி அகப்பட்டா, 'பாண்டிக்காரி பறஞ்சு பத்திச்சு', பேசி ஏமாத்திட்டாள்னு சொல்லுவாவ. கண்டு பிடிக்கதுக்கு முன்னாலயே ஏமாத்துக்காரிம்பாவ. நமக்கு அது வேண்டாம்."

அக்காவுக்கு அப்போது ஒரு பெரிய கவலை இருந்தது. சரளா டீச்சர் என்று ஒரு அம்மாள், ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர், தெருக்காரர்கள் சங்கத்தின் செயலாளர். சங்கத்தின் ஓண விருந்துக்கு நூற்றிருபது இலைக்கான காய்கறியை டீச்சர்தான் வாங்குவார். முழுக்க நாடன் விருந்து என்று நோட்டீஸ் அடித்து ஒட்டியாயிற்று. மெயின் ரோட்டு முக்கில் புதிதாக ஏ.சி. போட்ட இயற்கைக் காய்கறிக் கடை ஒன்று திறந்து, தெருவில் பாதிப்பேர் அங்கே போய்விட்டார்கள். டீச்சர் ஒருவர்தான் இன்னும் அக்காவிடம் வருகிறார். டீச்சரும் போய்விட்டால் மிச்சமிருக்கிற பாதித் தெருவும் அவர் பின்னால் போய்விடும். கடையை அப்புறம் திறந்து வைப்பதும் மூடி வைப்பதும் ஒன்றுதான்.

இரண்டாம் நாள் காலையில் நான் குடை வாங்கப் போனேன். கடைக்காரர் நம்மூர்ப் பக்கத்துக்காரர், வள்ளியூரோ பணகுடியோ.

"ரெண்டு இருக்கு அண்ணாச்சி. இது வெளிநாடு, அது நம்ம நாடு. வெளிநாடு பாதி விலை."

"நம்ம நாட்டுக் குடையே குடுங்க" என்றேன், அடுத்த கடைக்கும் கேட்கிற மாதிரி.

"குடுக்கேன். ஆனா பொய் சொல்லப்படாதில்லா. துணி தைவான், கம்பி சீனா."

"பின்ன நம்ம நாடு எது?"

அவர் குடையை விரித்து, ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "தையலு" என்றார்.

ஒலிபெருக்கியில் பேசியவன் பின்வாங்க முடியுமா? தையலுக்காக இரட்டை விலை கொடுத்து வாங்கினேன். அரைமணி நேரம் கழித்துச் சந்து முனையில் ஒரு காற்று அடித்தது, குடை மேல்நோக்கி விரிந்துகொண்டது. மடங்கியது கம்பிதான். தையல் ஒரு நூல்கூடப் பிரியவில்லை என்பதை நேர்மையாகப் பதிவு செய்கிறேன்.

அன்று மதியம்தான் அது நடந்தது. அத்தானின் காலைக் காட்ட அக்கா ஆஸ்பத்திரிக்குப் போனாள். போகிற போக்கில், "ரெண்டு மணிக்கூர்ல வந்துருவேன். நெடுமங்காட்டுக்காரங்க டீச்சர் விருந்துக்குள்ள காயைக் கொண்டாந்து எறக்குவாங்க. வாங்கி வை, அது போதும். வேற ஒண்ணும் செய்யாண்டாம்" என்றாள்.

வந்தது. மூன்று கூடை வெண்டை, பயறு, புடலை. வைத்தேன். பிறகு சும்மா இருக்கச் சொன்னால் யாரால் முடிகிறது? கடையைச் சுற்றிப் பார்த்தேன். எனக்குப் பொறுக்கவில்லை. பாவூர்சத்திரம் சந்தையில் ஒரு காயைக் கூடையில் போடுவதற்கு முன்னால் தரம் பிரிப்போம். ஒரே நீளம், ஒரே பருமன், முற்றாதது என்றால் முதல் தரம். கோணல், குட்டை எல்லாம் இரண்டாம் தரம். சின்னப் பிள்ளையிலிருந்து கை பழகிய வேலை. இங்கே நெட்டையும் குட்டையும் ஒன்றாய்க் கிடக்கின்றன. பார்த்தால் அக்காவுக்கு வயசாகிவிட்டது, குனிந்து நிமிர முடியவில்லை, தம்பி செய்து கொடுப்போம் என்று உட்கார்ந்தேன். நாடன், வரவு என்ற நினைப்பே இல்லாமல் இரண்டு பக்கத்துக் காயையும் புதிதாக வந்த கூடைகளையும் தார்ப்பாயில் கொட்டினேன். இரண்டு மணி நேரம் குனிந்த தலை நிமிராமல் பிரித்தேன். நல்ல காயெல்லாம் ஒரு பக்கம், சுமாரானதெல்லாம் ஒரு பக்கம். கடை பார்க்க லட்சணமாக இருந்தது.

அத்தானை வீட்டில் விட்டுவிட்டு அக்கா வந்தாள். ஆட்டோவிலிருந்து இறங்கியவள் அப்படியே நின்றாள்.

"என்னலே செஞ்சு வச்சிருக்க?"

"தரம் பிரிச்சிருக்கேன்க்கா. பாரு, எப்படி இருக்குன்னு."

"நாடன் எங்கலே?"

அதற்குப் பிறகுதான் என் மண்டையில் உறைத்தது. அக்கா என்னைத் திட்டவில்லை. வெங்காய மூட்டை மேல் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நெடுமங்காட்டுக்காரர்கள் இனி நாலு நாள் கழித்துத்தான் வருவார்கள். டீச்சர் மறுநாள் காலை வருவார். விருந்து அதற்கு அடுத்த நாள்.

போனில் அத்தான் சிரிக்கிற சத்தம் கேட்டது. "நல்ல காரியம் செஞ்சான் அளியன். இனி எல்லாத்தையும் நாடன்னு சொல்லிக் குடு. யாருக்கு அறியும்?"

சத்தியமாகச் சொல்கிறேன், நானும் அதைத்தான் நினைத்தேன். "ஆமாக்கா, யாருக்குத் தெரியப் போவுது" என்றும் சொன்னேன்.

"எனக்குத் தெரியும்லா" என்றாள் அக்கா.

இருவருமாக மறுபடியும் பிரிக்க உட்கார்ந்தோம். அக்கா ஒவ்வொரு காயாக எடுத்து, காம்பைப் பார்த்து, முகர்ந்து, நுனியை ஒடித்து, "இது நாடன், இது வரவு" என்று போட்டுக்கொண்டே வந்தாள். புடலங்காய் சீக்கிரம் முடிந்தது. பயறும் ஒருவிதமாக முடிந்தது. வெண்டைக்காயில் அவள் கை தயங்க ஆரம்பித்தது. ஒரு காயை இந்தப் பக்கம் போடுவாள், திரும்ப எடுப்பாள், அந்தப் பக்கம் போடுவாள். கடைசியில் கையை உதறினாள்.

"முத்து, எனக்கே தெரியலைலே" என்றாள் மெதுவாக. முப்பத்தைந்து வருஷம் இதே கடையில் நின்றவள் சொல்கிறாள். "அட்டையைப் பாத்துதான் எனக்கும் தெரிஞ்சிருக்கு போல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. நிச்சயமாகத் தெரியாத காயையெல்லாம் மூன்றாவதாக ஒரு கூடையில் போட்டு, நடுவில் வைத்தாள். அதற்கு அட்டை எழுதவில்லை.

மூன்றாம் நாள் காலை சரளா டீச்சர் வந்தார். கஞ்சி போட்ட கைத்தறிச் சேலை, நெற்றியில் சந்தனக் கீற்று, கையில் கருப்புக் குடை. அவர் பேசியதெல்லாம் மலையாளம், நம் தமிழில் தருகிறேன். கடைக்குள் வந்தவர் நாடன் பக்கம் போகவில்லை, நடுக்கூடையைப் பார்க்கவில்லை. நேராக மூலைக்குப் போனார். அங்கே வீட்டுக்குக் கொண்டுபோகாமல் கிடந்தது என் கத்தரிக்காய்ச் சாக்கு. மேலாக இருந்த ஒன்றை எடுத்தார், வெளிச்சத்துக்குத் தூக்கினார்.

"லெட்சுமி, இப்படிப்பட்ட சரக்கை என்னிடமிருந்து ஒளித்து வைத்திருக்கிறாயே? இதுதான் அசல் நாடன்."

அக்கா வாயைத் திறப்பதற்குள் டீச்சர் என் பக்கம் திரும்பினார். என்னைத் தமிழ்நாட்டிலிருந்து கடைக்குப் புதிதாக வந்த வேலையாள் என்று நினைத்துவிட்டார்.

"அண்ணாச்சி, இந்த ஓட்டையைப் பாருங்கள். புழு தின்றிருக்கிறது. புழு தின்று சாகவில்லை என்றால் நாமும் சாக மாட்டோம். உங்கள் ஊர்க்காரர்களுக்கு இது புரியாது. அங்கே காய் பளபளவென்று இருக்க வேண்டும். விஷத்தை அடித்து அனுப்பிவிடுவார்கள். இப்படி ஒரு கத்தரிக்காய் உங்கள் ஊரில் முளைக்குமா?"

அறுபது வயசில் என் கத்தரிக்காயைப் பற்றி ஒருவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. புஷ்பம் பக்கத்தில் இல்லையே என்று ஏக்கமாக இருந்தது. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், காயும் போகும், வெண்டைக்காய் விவகாரமும் அதோடு சேர்ந்து மூடிப்போகும், அக்காவின் கடை பிழைக்கும். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா என்னைப் பார்த்தாள். கெடுத்தவன் நான், சொல்ல வேண்டியவனும் நான்தான் என்று தெரிந்தது.

"டீச்சர், அது வரவு" என்றேன். "சுரண்டை. எந் தோட்டத்துக் காய். நான் லெட்சுமிக்குத் தம்பி."

டீச்சர் கத்தரிக்காயைக் கையில் வைத்தபடியே நின்றார். மிச்சத்தையும் சொன்னேன். நேற்று இரண்டையும் கலந்தது, திரும்பப் பிரித்தது, பிரிக்க முடியாமல் நடுக்கூடையில் போட்டது எல்லாவற்றையும் எனக்குத் தெரிந்த அரைகுறை மலையாளத்தில் கொட்டினேன். டீச்சர் நடுக்கூடையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். கத்தரிக்காயைச் சாக்கிலேயே வைத்தார். குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். ஏ.சி. கடை இருக்கிற பக்கம்.

அதற்குப் பிறகு அத்தான் போனில் சொன்னவற்றை எழுத முடியாது. அக்கா எனக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தாள். கூடவே ஒரு பழம்பொரி, நேந்திரம்பழ பஜ்ஜி. நான் அதைக் காகிதத்தோடு கல்லா மேல் வைத்தேன். "சாரமில்லலே, போனாப் போவுது, தின்னு" என்றாள். கடையில் மலை போல் குவிந்து கிடந்த இரட்டை விலைக் காயை இனி யார் தலையில் கட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஊருக்குப் போகிற பஸ் எத்தனை மணிக்கு என்று மனசு கணக்குப் போட்டது.

மதியம் மழை வலுத்தது. மழையோடு மழையாக டீச்சர் திரும்பி வந்தார். பின்னாலேயே ஒரு ஆட்டோ, அதில் நாலு காலிச் சாக்கு.

"லெட்சுமி, அந்தக் கடையில் எல்லாமே நாடனாம்" என்றார், சேலை நுனியைப் பிழிந்துகொண்டே. "ஒரு வெண்டைக்காய்கூட வெளியூர் கிடையாதாம். யார் போட்டது என்று கேட்டேன். ஸ்டிக்கரைக் காட்டினார்கள். நெடுமங்காட்டில் யார் யார் எவ்வளவு போடுகிறார்கள் என்று எனக்குத் தெரியாதா? நான் கணக்கு டீச்சர். கணக்கு இடிக்கிறது."

அக்கா தராசுத் தட்டைத் துடைத்தாள்.

"நாடன் என்று உறுதியாகத் தெரிந்ததை நாடன் விலைக்குப் போடு. நடுக்கூடையை வரவு விலைக்குப் போடு. அந்தக் கத்தரிக்காயும் வேண்டும்."

"அது விக்கதுக்குள்ளது இல்ல டீச்சர், இவன் வீட்டுக்குக் கொண்டாந்தது" என்றாள் அக்கா. நான் பின்னாலிருந்து அவள் முதுகில் ஒரு குத்து விட்டேன்.

"நோட்டீஸ்ல முழுக்க நாடன்னு போட்டிருக்கே டீச்சர்" என்று அக்காவே திரும்பவும் இழுத்தாள். எனக்கு அவளைக் கட்டிப்போடலாம் போல இருந்தது.

"அதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார் டீச்சர்.

நான்காம் நாள் விருந்துக்கு எனக்கும் அழைப்பு. அத்தானை நாற்காலியோடு தூக்கிக் கொண்டுபோய் உட்கார்த்தினோம். மூன்றாவது பந்தியில் எனக்கு இலை. இலையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, நம் ஏரல் பக்கத்து வாழை. சோறு ஆந்திரா அரிசி என்று பக்கத்து இலைக்காரரே பெருமையாகச் சொன்னார். காய்கறியைத் தவிர வேறு எதனிடமும் இந்த ஊர்க்காரர்கள் ஊர் பேர் விசாரிப்பதில்லை. ஆனால் சாப்பாட்டைக் குறை சொன்னால் நாக்கு அழுகிப்போகும். அவியலும் ஓலனும் எரிசேரியும், தேங்காய் வறுத்தரைத்த தீயலில் என் கத்தரிக்காயும். கடைசியில் போளியைப் போட்டு அதன் மேல் பால் பாயசத்தை ஊற்றினார்கள். போளியைப் பாயசத்தில் முக்கித் தின்னலாம் என்று கண்டுபிடித்த மகராசன் எந்த ஊராக இருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

பக்கத்து இலைக்காரர் பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தீயலை இரண்டாம் முறை வாங்கி, "நாடன் கத்தரிக்காயின் ருசியே தனி. பாண்டிச் சரக்கில் இது வராது" என்று எனக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து டீச்சர் மைக்கைப் பிடித்தார்.

"ஒரு திருத்தம். நோட்டீஸில் முழுக்க நாடன் என்று போட்டிருந்தோம். வெண்டைக்காயில் கொஞ்சம் கலப்பு இருக்கிறது. கத்தரிக்காய் தமிழ்நாட்டில் சுரண்டை என்ற ஊரிலிருந்து வந்தது. போட்டவர் அதோ, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து அதையே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். மருந்து அடிக்காதது."

அத்தனை தலையும் திரும்பியது. பின்வரிசையிலிருந்து ஒருவர், "ஏன் அடிக்கவில்லை?" என்று கேட்டார்.

வாயில் போளி இருந்தது. விழுங்கிவிட்டு, "வீட்டம்மாவுக்குத் தலைவலி வரும்" என்றேன். டீச்சர் அதை மலையாளத்தில் மைக்கில் சொன்னார். பந்தி முழுக்கச் சிரிப்பு. பரிமாறிக்கொண்டிருந்த பெண்கள்தான் ரொம்பச் சிரித்தார்கள்.

பேங்க்காரர் கை நின்றுவிட்டது. கத்தரித் துண்டுகளை விரலால் இலை ஓரத்துக்கு ஒதுக்கினார். என்னைப் பார்த்தார். ஒதுக்கியதை ஒவ்வொன்றாகத் திரும்ப நடுவுக்குக் கொண்டுவந்தார். மரியாதைக்குத் தின்றாரா ருசிக்குத் தின்றாரா என்று எனக்குத் தெரியாது. எழுந்தபோது அவர் இலையில் கத்தரிக்காய் இல்லை.

ஐந்தாம் நாள் காலை தம்பானூருக்கு ஆட்டோ கடை வாசலுக்கே வந்தது. சொல்லிக்கொள்ளப் போனபோது பார்த்தேன், வலது அட்டைக்கும் இடது அட்டைக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு அட்டை தொங்கியது. கீழே டீச்சர் எடுத்தது போக மிஞ்சிய பத்துப் பதினைந்து ஓட்டைக் கத்தரிக்காய்.

"என்னக்கா எழுதியிருக்க?"

"ஒன் சோலியைப் பாத்துட்டுப் போ" என்றாள் அக்கா, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

ஆட்டோ டிரைவரிடம் கேட்டேன். அவர் தலையை நீட்டி எழுத்துக்கூட்டி வாசித்தார். "சுரண்டை" என்றார்.

"வேற ஒண்ணும் இல்லியா?"

"வேறொன்றும் இல்லை."

முப்பத்தைந்து வருஷமாக எங்கள் ஊர்க் காயை வரவு என்று மட்டும் எழுதி விற்றவள் அவள். நான் ஆட்டோவில் ஏறிக்கொண்டேன். கண்ணைத் துடைத்ததைப் பார்த்து டிரைவர், வெங்காயக் கடையா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

ஊருக்கு வந்த மூன்றாம் நாள் அக்கா போன் செய்தாள். டீச்சருக்கும் பேங்க்காரருக்கும் இன்னும் ஆறு வீட்டுக்கும் வாரம் ஒரு சாக்குக் கத்தரிக்காய் வேண்டுமாம். ஒரே நிபந்தனை, காயில் ஓட்டை இருக்க வேண்டும். ஓட்டை இல்லாததை டீச்சர் திருப்பி அனுப்பிவிடுவாராம்.

இப்போது வெள்ளிக்கிழமைதோறும் தோட்டத்தில் தரம் பிரிக்க உட்காருகிறேன். புழு விழுந்ததையெல்லாம் பொறுக்கித் திருவனந்தபுரம் சாக்கில் போடுகிறேன். முதல் வாரம் புஷ்பம் பக்கத்தில் வந்து நின்று பார்த்தாள். ஓட்டையில்லாத நல்ல காயெல்லாம் கிழிந்த கூடையில் விழுவதைக் கண்டு அவளுக்கு மனசு கேட்கவில்லை.

"நல்லதையெல்லாம் ஏங்க இந்தக் கூடையில போடுதிய?"

"அது ஏற்றுமதிக்கு ஆவாது" என்றேன். "ஆட்டுக்குப் போடு."